ஆபிரகாம் எந்த மதத்தவர்? மூன்று வேதங்களையும் அருகருகே வைத்து வாசிக்க ஒரு வழிகாட்டி

தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, ஆபிரகாம் எந்த மதம்?” அவர் கேட்டு முடிப்பதற்குள் மூன்று பக்கத்திலிருந்தும் விடை வந்துவிட்டது. அவர் நம் விசுவாசத்தின் தகப்பன் என்றார் ஒருவர். இப்ராஹீம் நபி முஸ்லிம், குர்ஆனிலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார் இன்னொருவர். யூதர்களின் மூதாதை யூதராகத்தானே இருக்க முடியும் என்றார் மற்றொருவர். எல்லோரும் நினைவிலிருந்தே பேசினார்கள்; எவர் கையிலும் நூல் இல்லை. அரை மணி நேரத்தில் பேச்சு கசந்துபோய், இரண்டு பேர் அடுத்த வாரம் வரவே இல்லை. அதன் பிறகு இதே கேள்வியை நான்கு முறை, வெவ்வேறு குழுக்களோடு, நூல்களை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறோம். மும்பையிலோ வேறெங்கோ இப்படி ஒரு வாசிப்பை நடத்த நினைப்பவர்களுக்காக, நாங்கள் கண்டுகொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “யூதர்”, “கிறிஸ்தவர்”, “முஸ்லிம்” என்னும் மூன்று பெயர்களும் ஒரே வகையான பெயர்கள் அல்ல. ஒன்று குலத்திலிருந்து பிறந்தது, ஒன்று ஒருவரைப் பின்பற்றுவதிலிருந்து பிறந்தது, ஒன்று ஒரு செயலிலிருந்து பிறந்தது. இதைப் பிரித்துக் காட்டாமல் விவாதத்தைத் தொடங்கினால், மூன்று பேரும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் மறுப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பிரித்துக் காட்டிய பின்னரும் வேறுபாடு மிஞ்சும். அந்த வேறுபாடு உண்மையானது. அதை மழுப்பக் கூடாது.

நேரம் குறிப்பதில் கவனம் வேண்டும். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். வெள்ளி நண்பகல் முஸ்லிம்களுக்கு ஜும்ஆ என்னும் கூட்டுத் தொழுகை. ஞாயிறு காலை ஆராதனையும் பூசையும். ஆகவே ஞாயிறு பிற்பகல்தான் எங்களுக்குப் பொருந்தியது. இடையில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குக் கால் மணி நேரம் விட்டு, அதையே தேநீர் இடைவேளையாக வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு மரபிலிருந்தும் அந்த மரபுக்குள் வாழும் ஒருவராவது அறையில் இருக்க வேண்டும். கிறிஸ்தவரும் முஸ்லிமும் தாராவியில் பக்கத்து வீட்டிலேயே கிடைப்பார்கள். யூதர் ஒருவரை அழைப்பதற்கு மும்பையைவிட வாய்ப்பான நகரம் இந்தியாவில் இல்லை: பெனே இஸ்ரேல் சமூகத்தினர் நூற்றாண்டுகளாகக் கொங்கணக் கடற்கரையில் வாழ்ந்து, வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள், மாண்டவி பகுதியில் அவர்களுடைய முதல் ஜெபஆலயம் 1796-இல் எழுந்தது. எங்களிடம் வந்தவர் தானேயில் வசிக்கும் ஒரு பெரியவர். அவர் மராத்தியும் இந்தியும் கலந்து பேசுவார். நாங்கள் தமிழில் சொல்லிக்கொள்வோம். அதற்காகவே ஒவ்வொரு கூட்டத்திலும் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தமிழ் வாசகர்களுக்கே உரிய ஒரு சிக்கல் எழும். சீர்திருத்த சபையினர் நெடுங்காலமாகக் கையாளும் பழைய தமிழ் வேதாகமம் ஆபிரகாமை “அவன்” என்றே குறிக்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் “அவர்” என்கிறது. முஸ்லிம்களோ “இப்ராஹீம் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள்” என்று சொல்லாமல் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. முதல் வாசிப்பில் ஒரு தம்பி பழைய வேதாகமத்தை எடுத்து “அவன் கர்த்தரை விசுவாசித்தான்” என்று உரக்கப் படித்தபோது, எதிரில் இருந்த முஸ்லிம் பெரியவரின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். படித்தவர் அவமதிக்க நினைக்கவில்லை. அந்த நடையில் தாவீதும் மோசேயும் பேதுருவும் பவுலும் “அவன்”தான். இதை வாசிப்பைத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் விளக்கிவிட வேண்டும். அந்தந்த மரபினர் தங்கள் வழக்கப்படியே படிக்கட்டும். வட்டத்தை நடத்துபவர் மட்டும் பொதுவாக “அவர்” என்றே பேசுவது நல்லது. பெயரையும் ஒன்றாக்க வேண்டாம். ஆபிரகாம், இப்ராஹீம், அவ்ராஹாம் ஆகிய மூன்றும் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

அடுத்து, ஆதியாகமத்தின் 12 முதல் 25 வரையுள்ள அதிகாரங்களிலிருந்து ஒரு காலவரிசையைப் பலகையில் எழுதுங்கள். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிராமுக்கு 75 வயது. மனைவி சாராளின் பணிப்பெண் ஆகாரிடத்தில் இஸ்மவேல் பிறந்தபோது 86. ஆபிராம் என்ற பெயர் ஆபிரகாம் என்று மாறி, விருத்தசேதனம் (சுன்னத்) கட்டளையிடப்பட்டபோது 99. அப்போது இஸ்மவேலுக்கு 13. சாராளிடத்தில் ஈசாக்கு பிறந்தபோது 100. இறந்தபோது 175. இவற்றோடு இன்னும் இரண்டு வரிகளைத் தனியே குறித்துவையுங்கள்: 15-ஆம் அதிகாரத்தில், வானத்து நட்சத்திரங்களைக் காட்டிச் சொன்ன வாக்கை அவர் நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் வரி, 26-ஆம் அதிகாரத்தில், அவர் இறந்த பிறகு, கடவுள் ஈசாக்கிடம் உன் தகப்பன் என் கற்பனைகளையும் நியமங்களையும் கைக்கொண்டான் என்று சொல்லும் வரி. பின்னால் எழுந்த வாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு வரிகளையும், அவற்றுக்கு இடையே வரும் 17-ஆம் அதிகாரத்து விருத்தசேதனத்தையும் பற்றியே சுழல்கிறது. குர்ஆனில் இத்தகைய வயதுக் கணக்கு இல்லை. அவரைப் பற்றிய செய்திகள் பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கின்றன. அதனால் பலகையில் இருப்பது தோரா (ஆதியாகமம் முதலான ஐந்து நூல்கள்) சொல்லும் வரிசை என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது பெயர்களுக்கு வரலாம். “யெஹூதி” என்னும் எபிரெயச் சொல் யூதா என்னும் பெயரிலிருந்து வருகிறது. யூதா, யாக்கோபின் மகன். யாக்கோபு ஈசாக்கின் மகன். அதாவது யூதா ஆபிரகாமுக்குக் கொள்ளுப்பேரன். தோரா ஆபிரகாமை யூதர் என்று எங்கும் சொல்லவில்லை; 14-ஆம் அதிகாரத்தில் “எபிரெயன்” என்று மட்டும் சொல்கிறது. “கிறிஸ்தவர்” என்னும் பெயர் சீடர்களுக்கு முதன்முதலாக அந்தியோகியாவில் வழங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. “முஸ்லிம்” என்பது, தன்னை இறைவனிடம் ஒப்படைப்பவர் என்று பொருள்படும் அரபு வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சமூகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியும், ஒப்படைக்கும் செயலைச் சிறிய எழுத்தில் தொடங்கியும் இந்த இரண்டு பொருளைப் பிரித்துக் காட்டுவதுண்டு. தமிழில் அந்த வசதி இல்லை. “முஸ்லிம்” என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் தொப்பி அணிந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார். எனவே ஒவ்வொரு முறையும் எந்தப் பொருள் என்று வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யூத மரபின் விடையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எப்போது வந்தாலும், உடன்படிக்கை ஆபிரகாமோடுதான் தொடங்குகிறது என்பது அவர்கள் நிலை. ஆகவே “அவ்ராஹாம் அவீனு”, நம் தகப்பன் ஆபிரகாம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கித்துஷின் பகுதி, தோரா கொடுக்கப்படுவதற்கு முன்பே அவர் தோரா முழுவதையும் கைக்கொண்டார் என்று முடிகிறது. ஆதாரமாகக் காட்டுவது, பலகையில் நாம் எழுதிய 26-ஆம் அதிகாரத்து வரி. இதைக் கேட்டதும் எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவர் 18-ஆம் அதிகாரத்தைப் புரட்டினார். அங்கே ஆபிரகாம் விருந்தினர் மூவருக்கு வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் பரிமாறுகிறார். யூத நியமமோ பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ண விடுவதில்லை. தானேப் பெரியவர் சிரித்துக்கொண்டே, வசனத்தில் எது முதலில் வருகிறது பாருங்கள் என்றார்: பால் முதலில், இறைச்சி பிறகு, பாலை உண்டு முடித்துவிட்டு இறைச்சி உண்பதற்குத் தடை இல்லை. இந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல, அவருடைய மரபுக்கும் புதிதல்ல. அதே மரபுக்குள், 12-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ரஷ்பாம் போன்றவர்கள், 26-ஆம் அதிகாரம் சொல்வது திருட்டு, பிறன்மனை விழைதல் முதலியவற்றைத் தவிர்க்கும் பொது ஒழுக்கத்தைத்தான் என்று நேர்பொருள் கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

யூதம் என்றால் இரத்த உறவு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த எண்ணத்தைத் திருத்த ஆபிரகாமே போதும். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தொகுப்பான தல்மூத் அவரை மதம் மாறி வந்தவர்களில் முதல்வர் என்று அழைக்கிறது. யூத மதத்துக்கு மாறுகிறவர் ஆபிரகாமின் பிள்ளை என்றே பெயர் பெறுகிறார். மாறி வந்த ஒபதியா என்பவர், “எங்கள் பிதாக்களின் தேவனே” என்று நான் ஜெபிக்கலாமா என்று கேட்டபோது, 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ், தயங்காமல் சொல்லலாம், ஆபிரகாம் உனக்கும் தகப்பன் என்று விடை எழுதினார். அந்தக் கடிதத்தின் செய்தியை நான் சொன்னபோது அறை அமைதியானது. தலைமுறைகளுக்கு முன் மதம் மாறிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள்.

கிறிஸ்தவ விடைக்கு ரோமர் 4-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். துண்டு துண்டாக வாசித்தால் வாதம் கைக்குள் வராது. அந்த நிருபத்தை எழுதியவரும் யூதராகப் பிறந்தவருமான அப்போஸ்தலர் பவுல் அங்கே ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ஆபிரகாமுக்கு நீதி எண்ணப்பட்டது எப்போது? விருத்தசேதனத்துக்குப் பிறகா, முன்பா? பலகையைப் பாருங்கள்: நம்பிய வரி 15-ஆம் அதிகாரம், விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரம். ஆகவே விருத்தசேதனம் இல்லாமல் விசுவாசிக்கிறவர்களுக்கும், விருத்தசேதனம் பெற்று விசுவாசிக்கிறவர்களுக்கும் அவரே தகப்பன் என்கிறார். கலாத்தியர் 3-ஆம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டுகள் பிந்தியது என்றும் சுட்டுகிறார். யோவான் 8-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபிரகாம் என் நாளைக் காண ஆசையாயிருந்தார் என்று இயேசு சொல்வதாகக் கூறுகிறது. இந்த வழியில் சென்ற நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ், ஆபிரகாமையும் அவருக்கு முந்தியவர்களையும், பெயரில் இல்லாவிட்டாலும் உண்மையில் கிறிஸ்தவர்கள் என்றே எழுதினார். பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இன்று அப்படிச் சொல்வதில்லை. விசுவாசத்தில் நம் தகப்பன் என்பதோடு நிற்கிறார்கள். பவுலை வாசித்த கையோடு யாக்கோபு நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் வாசிப்பது அவசியம். ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த செயலால் அல்லவா ஆபிரகாம் நீதிமானாக்கப்பட்டான் என்று அது கேட்கிறது. அவ்விடத்தில் சீர்திருத்த சபையினரும் கத்தோலிக்கரும் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். பத்து நிமிடம் அனுமதித்து, பின்பு மையக் கேள்விக்குத் திரும்புங்கள்.

இஸ்லாமிய விடை குர்ஆனின் 3-ஆம் அத்தியாயத்தில், 65 முதல் 68 வரையுள்ள வசனங்களில் நேரடியாகவே இருக்கிறது. வேதத்தையுடையவர்களே, தவ்ராத்தும் (தோராவும்) இன்ஜீலும் (நற்செய்தியும்) அவருக்குப் பின்னரே அருளப்பட்டிருக்க, இப்ராஹீமைக் குறித்து ஏன் தர்க்கம் செய்கிறீர்கள் என்று அது கேட்கிறது. அவர் யூதராகவோ கிறிஸ்தவராகவோ இருக்கவில்லை, ஹனீஃபாக, முஸ்லிமாக இருந்தார், இணைவைப்பவர்களில் ஒருவராக இருக்கவில்லை என்று சொல்கிறது. அவருக்கு மிக நெருங்கியவர்கள் அவரைப் பின்பற்றியவர்களும், இந்த நபியும், நம்பிக்கை கொண்டவர்களும்தான் என்று முடிக்கிறது. ஹனீஃப் என்பதைப் பொய்யான வழிபாடுகளிலிருந்து விலகி ஒரே இறைவன்பால் நேராகத் திரும்பியவர் என்று விளக்கலாம். 6-ஆம் அத்தியாயத்தில் நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் பார்த்து, மறைபவற்றை நான் நேசிப்பதில்லை என்று அவர் சொல்லும் பகுதியைச் சேர்த்து வாசித்தால் அந்தச் சொல் உயிர் பெறும். 2-ஆம் அத்தியாயத்தில் அவரும் இஸ்மாயீலும் கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தியபடியே, எங்களை உனக்கு முஸ்லிம்களாக ஆக்குவாயாக என்று வேண்டுகிறார்கள்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். சச்சரவு வரக் கூடாதே என்ற எண்ணத்தில், முஸ்லிம் என்பது இந்த வசனத்தில் கீழ்ப்படிந்தவர் என்னும் பொதுச் சொல் மட்டுமே என்று சொல்லிவிட்டேன். எங்கள் வட்டத்துக்கு வந்திருந்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) அமைதியாகத் திருத்தினார்: “சொல்லின் பொருள் நீங்கள் சொன்னதுதான்மா. ஆனால் எல்லா நபிமார்களுடைய மார்க்கமும் ஒன்றே, அது இஸ்லாம்தான் என்பது எங்கள் ஈமான். சட்டதிட்டங்கள் காலத்துக்குக் காலம் வேறுபடும், மார்க்கம் வேறுபடாது.” அவர் சொன்னது சரி. குர்ஆனின் 5:48, உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டத்தையும் வழியையும் ஏற்படுத்தினோம் என்று சொல்வதோடு இது பொருந்துகிறது. ஒரு மரபின் கூற்றை மற்றவர்கள் மனம் நோகாதபடி மெலிதாக்கித் தருவது, அந்த மரபினர் சொல்லாததை அவர்கள் வாயில் வைப்பதாகும். வட்டம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

மூன்றும் வாசித்த பின், காலவரிசையை ஒவ்வொருவரும் எப்படிக் கையாள்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த முழு வாசிப்பிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். பவுலும் குர்ஆனும் ஒரே வகையான கருவியைக் கையில் எடுக்கிறார்கள்: நியாயப்பிரமாணம் பிந்தியது என்கிறார் பவுல், தவ்ராத்தும் இன்ஜீலும் பிந்தியவை என்கிறது குர்ஆன். பிந்தி வந்த ஒன்றைக் கொண்டு முந்தியவரை உரிமை கொண்டாட முடியாது என்பதே இரண்டின் அடிப்படை. பவுல் அந்தக் கருவியால் திறக்கும் வாசல் வழியே வேற்றினத்தார் உள்ளே வருகிறார்கள். குர்ஆன் திறக்கும் வாசல் இரண்டு சமூகங்களின் பெயருக்கும் முந்திய ஒரு மார்க்கத்துக்குப் போகிறது. மிஷ்னாவும் யூசேபியஸும் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள்: பின்னால் வந்ததை அவர் முன்பே வாழ்ந்தார் என்கிறார்கள் இருவரும், வேறு வேறு உள்ளடக்கத்தோடு. பங்கேற்பாளர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். எங்கள் நான்கு குழுக்களில் மூன்று, உதவியின்றியே கண்டுபிடித்தன.

சில இடங்களைத் தனிக் கூட்டத்துக்கு ஒதுக்குவது நல்லது. ஆபிரகாம் கடவுளின் கட்டளைப்படி பலியிட இருந்த மகன் யார் என்பது அவற்றில் ஒன்று. ஆதியாகமம் ஈசாக்கு என்கிறது; குர்ஆனின் 37-ஆம் அத்தியாயம் மகனின் பெயரைச் சொல்லவில்லை; இன்று முஸ்லிம்கள் இஸ்மாயீல் என்றே கொள்கிறார்கள், ஆனால் தொடக்ககால விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, அவர்களில் ஒருவரான அத்தபரி இஸ்ஹாக் (ஈசாக்கு) என்றே முடிவு செய்தார். பக்ரீத் நெருங்கும் வாரத்தில் இதை எடுக்க வேண்டாம். ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாக உருவகப்படுத்தும் கலாத்தியர் 4-ஆம் அதிகாரமும் அப்படித்தான். அது முஸ்லிம்களையும் யூதர்களையும் ஒருசேரப் புண்படுத்தக்கூடியது, பின்னணி தெரியாமல் வாசிக்கத் தக்கதல்ல. “ஆபிரகாமிய மதங்கள்” என்னும் தொடரையும் முதல் நாளே பயன்படுத்தாதீர்கள். வசதியான தொடர்தான், ஆனால் மூவரும் ஒரே ஆபிரகாமைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கைகூட இதில் அளந்துதான் பேசுகிறது: இஸ்லாமிய நம்பிக்கை ஆபிரகாமோடு தன்னை மகிழ்ந்து இணைத்துக்கொள்கிறது என்று சொல்கிறதே தவிர, அந்த இணைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை.

கடைசிக் கூட்டத்தில் நூல்களை மூடிவிட்டு, இன்று தினமும் ஓதப்படும் ஜெபங்களைக் கேளுங்கள். எங்கள் வட்டத்துக் கத்தோலிக்க அக்கா மரியாளின் பாடலைப் பாடினார். ஆபிரகாமுக்கும் அவர் வழிமரபினருக்கும் இரக்கம் காட்ட நினைவுகூர்ந்தார் என்று அது முடிகிறது. ஹஜ்ரத், தொழுகையின் கடைசி இருப்பில் ஓதும் ஸலவாத்தை ஓதினார். இப்ராஹீமுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அருள் புரிந்ததுபோல் முஹம்மதுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அருள் புரிவாயாக என்பது அதன் வேண்டுதல். தானேப் பெரியவரிடம் யூதர்கள் நாள்தோறும் நின்று ஓதும் அமீதா ஜெபத்தின் முதல் ஆசீர்வாதத்தைக் கேட்டோம். அவர் எழுந்து, பாதங்களைச் சேர்த்து நின்று, தலையை மூடிக்கொண்டார். ஜெபவேளை அல்லாதபோது இறைவனின் பெயரை வாயால் சொல்வதில்லை என்று விளக்கி, அந்த இடத்தில் “ஹஷேம்”, அதாவது “அந்தப் பெயர்”, என்று மட்டும் சொல்லி ஓதினார். இத்தகைய கட்டுப்பாடு ஒருவருக்கு இருக்கலாம் என்பதால், அழைப்பவர்கள் முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் “மகேன் அவ்ராஹாம்”, ஆபிரகாமின் கேடயமே, என்று முடியும் வரி வந்தபோது, பழக்கத்தால் அவர் உடல் தானாகவே வளைந்து நிமிர்ந்தது. கேள்வியை முதலில் கேட்ட மாணவி, இப்போது கல்லூரியில் படிப்பவர், அந்த மூன்று ஜெபங்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எபிரெயச் சொல்லின் ஓசை சரியா என்று பெரியவரிடம் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.